பிரெஞ்சுப் புரட்சிக் காலச் செப்புக்காசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காசுகளைப் பற்றிய பக்கம் இது?

1791 முதல் 1799 வரை பிரான்சில் அடித்த செம்பு, வெண்கலச் சில்லறைக் காசுகள். பாஸ்தீய் சிறைக்கோட்டை 1789 ஜூலை 14 அன்றே விழுந்துவிட்டது. காசு மாற மட்டும் இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதன்பிறகு மூன்று சுற்று மாற்றம்: முதலில் அரசனும் புரட்சியும் ஒரே காசில், அப்புறம் அரசனே இல்லாத காசு, கடைசியில் பத்துப் பத்தாக எண்ணும் காசு.

தங்கமும் வெள்ளியும் இருக்க, செம்பை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அந்த வருஷங்களில் வெள்ளி வைத்திருந்தவர்கள் அதைப் பதுக்கிவிட்டார்கள். ரொட்டிக் கடையிலும் சந்தையிலும் கை மாறியது செம்பும் காகிதமும்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையிலும் புரட்சியின் படங்கள் போய்ச் சேர்ந்தது இந்த அழுக்கேறிய சில்லறை வழியாகத்தான்.

சூ, தெனியே, லிவ்ர்... கணக்கு என்ன?

12 தெனியே சேர்ந்தால் ஒரு சூ. 20 சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர். சூ என்பதையே அன்றைய எழுத்தில் சோல் என்றும் எழுதினார்கள், இரண்டும் ஒன்றுதான். செம்பில் வந்தவை 3 தெனியே (இதற்கு லியார் என்று பெயர்), 6 தெனியே, 12 தெனியே, பிறகு 2 சூ. இதற்கு மேலே வெள்ளி, அதற்கும் மேலே தங்கம்.

புரட்சிக்கு முந்தைய காசில் என்ன இருந்தது? 1791இல் என்ன மாறியது?

பழைய சூவில் ஒரு பக்கம் பதினாறாம் லூயியின் தலை. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம், அதில் மூன்று லில்லிப் பூக்கள். நாம் ‘பூவா தலையா’ என்று சுண்டுகிறோமே, அந்தக் காசில் நிஜமாகவே பூவும் தலையும்தான். சுற்றிலும் லத்தீன் எழுத்து: ‘லூயி, கடவுள் அருளால், பிரான்சுக்கும் நவாருக்கும் அரசன்’. நவார் என்பது பிரனீஸ் மலையோரத்துச் சிறு அரசு. பரம்பரை வழியாக வந்து சேர்ந்த பட்டம் அது.

1791இல் வந்த காசிலும் அதே தலைதான். ஆனால் எழுத்து லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கு மாறிவிட்டது. ‘லூயி 16, பிரெஞ்சுக்காரர்களின் அரசன்’, அவ்வளவுதான். கடவுள் அருள் காணோம். நவார் காணோம். நிலத்துக்கு அரசனாக இருந்தவன் மக்களுக்கு அரசனாகிவிட்டான். நிலம் பரம்பரையாக வரும். மக்கள் ‘இவர் எங்கள் அரசர்’ என்று ஒத்துக்கொண்டால்தான் உண்டு. இரண்டு சொல்லை மாற்றி இவ்வளவையும் சொல்லிவிட்டார்கள்.

மறுபக்கத்தில் கேடயமும் லில்லியும் போய், அங்கே ஒரு கோல்கட்டும் அதன் உச்சியில் ஒரு தொப்பியும் வந்தன. இரு பக்கமும் ஓக் இலைக் கொத்து. சுற்றி மூன்றே சொல்: ‘நாடு, சட்டம், அரசன்’. வரிசையைக் கவனியுங்கள். அரசனுக்குக் கடைசி இடம், சட்டத்துக்கும் கீழே. தன் முகம் போட்ட காசிலேயே ஒரு ராஜாவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிய வேலை இது. புரட்சிக் காசுகள் எல்லாவற்றிலும் துணிச்சலான வாசகம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். 1793இல் வந்த கோஷங்கள் சத்தமாக இருக்கின்றன. இது மெதுவாகச் சொல்லிக் குத்துகிறது.

ஆண்டிலும் ஒரு சேதி உண்டு. 1791க்குப் பக்கத்தில் ‘சுதந்திரத்தின் 3ஆம் ஆண்டு’ என்றும் பொறித்தார்கள். 1789ஐ முதலாம் ஆண்டாக வைத்த கணக்கு.

கோல்கட்டுக்கும் தொப்பிக்கும் என்ன அர்த்தம்?

கோல்கட்டு ரோமாபுரிச் சமாச்சாரம். அங்கே உயர் அதிகாரிகளுக்கு முன்னால் காவலர்கள் கோல்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஒற்றைக் கோலை ஒடிக்கலாம், கட்டை ஒடிக்க முடியாது என்ற பழைய கதையும் இதோடு ஒட்டிக்கொண்டது. புதிதாக 83 மாவட்டங்களாகப் பிரித்த நாடு ஒன்றாக நிற்கிறது என்று சொல்ல அது வசதியான படம். இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியின் பாசிஸ்டுகள் இதே சின்னத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிற்கால அர்த்தத்தை 1791 காசில் ஏற்றிப் பார்க்கக் கூடாது.

தொப்பியின் கதை கொஞ்சம் குழப்பம். ரோமில் விடுதலையான அடிமைக்கு ஒரு கூம்புத் தொப்பி கொடுப்பார்கள். நுனி முன்பக்கம் மடிந்த பிரிஜியத் தொப்பி வேறு. அது ஆசியா மைனர் பக்கத்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, மடிந்த நுனித் தொப்பியையே சுதந்திரத்தின் அடையாளமாக்கிவிட்டார்கள். புரட்சிக் காலத்தில் காசு அச்சுகளைச் செதுக்கிய தலைமைச் செதுக்குநர் ஒகுஸ்தேன் தூப்ரேவுக்கு அது பழகிய பொருள். அமெரிக்க விடுதலைக்காக பெஞ்சமின் பிராங்க்ளின் 1783இல் வெளியிட்ட பதக்கத்தை வெட்டியவரும் அவர்தான். அதில் கூந்தல் பறக்கும் ஒரு பெண், அவள் தோளுக்குப் பின்னால் கழியில் மாட்டிய தொப்பி.

1792 ஜூன் 20 அன்று பாரிஸ் கூட்டம் துயிலரி அரண்மனைக்குள் நுழைந்து, லூயியின் தலையில் நிஜமாகவே சிவப்புத் தொப்பியைப் போட வைத்தது. அந்த வருஷக் காசில் ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் அதே தொப்பி. காசில் முதுகோடு முதுகாக இருந்த இரண்டும் அன்றைக்கு ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

தேவாலய மணிகளை உருக்கிக் காசு அடித்தார்கள் என்பது நிஜமா?

நிஜம். 1789 நவம்பர் 2 அன்று திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமை ஆயின. மடங்கள் மூடப்பட்டன. ஆளில்லாத கோபுரங்களில் டன் கணக்கில் வெண்கலம் தொங்கிக்கொண்டிருக்க, கீழே சந்தையில் சில்லறை இல்லை. 1791இல் மணிகளை இறக்கி உருக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் மணி வெண்கலம் காசுக்குத் தோதான உலோகம் இல்லை. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஈயம்... இல்லை, வெள்ளீயம் இருக்கும். கணீரென்ற ஓசை வருவதும் அதனால்தான், அடித்தால் நொறுங்குவதும் அதனால்தான். காசாக வேண்டிய உலோக வில்லை வெடிக்கும், அச்சும் விரியும். அதனால் சுத்தமான செம்பைக் கலந்து இளக்கினார்கள். அப்படியும் அந்தக் காசுகள் சொரசொரப்பாக, விளிம்பு ஒழுங்கில்லாமல், சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும். 2 சூ காசு ஏறக்குறைய 24 கிராம். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். செம்புக் காசு சிவப்பு ஓடியிருக்கும். மணிக் காசில் மஞ்சள் சாயல். ஒரே 12 தெனியேவை இரண்டு உலோகத்திலும் அடித்திருக்கிறார்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பூசைக்குக் கூப்பிட்ட மணி ரொட்டிக்குச் சில்லறையாக வந்தது. அதை அன்று யாரும் சின்னமாகத் திட்டமிடவில்லை, கிடைத்ததை உருக்கினார்கள். ஆனாலும் ஒரு கிராமத்து விசுவாசிக்கு அந்தக் காசின் எழுத்தைவிட உலோகம் அதிகம் பேசியிருக்கும். 1793 ஜூலையில் ஒரு பங்குக் கோவிலுக்கு ஒரே ஒரு மணி போதும் என்று ஆணை வந்தது. அப்போது இறங்கிய மணிகள் பீரங்கிக்குப் போயின.

மொன்ரோன் காசு என்கிறார்களே, அது அரசுக் காசா?

இல்லை, தனியார் வில்லை. அரசால் போதிய சில்லறை அடிக்க முடியாத 1791–92இல் மொன்ரோன் சகோதரர்கள் என்ற வணிகக் குடும்பம் 2 சூ, 5 சூ செப்பு வில்லைகளை வெளியிட்டது. அடித்தது பிரான்சில்கூட இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில், மாத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில். அதனால்தான் அரசுக் காசைவிட இவை அச்சுப் பிசகாமல் வட்டமாக, அழகாக இருக்கின்றன.

5 சூ வில்லையை எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் அகலம். 1790 ஜூலை 14 அன்று பாரிஸில் நடந்த கூட்டமைப்பு விழாவில் வீரர்கள் சத்தியம் செய்யும் காட்சி. மேலே ‘சுதந்திரமாக வாழ்வோம், இல்லையேல் சாவோம்’ என்ற வாசகம். திருப்பினால் வியாபாரம்: ‘நம்பிக்கைப் பதக்கம், ஐந்து சூ, 50 லிவ்ரும் அதற்கு மேலும் அசிஞாவாக மாற்றித் தரப்படும்’. அதாவது 200 வில்லை சேர்த்துக்கொண்டு வந்தால் காகிதப் பணம் தருவோம் என்கிறார்கள். முன்பக்கம் உயிரைக் கொடுக்கிற சபதம், பின்பக்கம் கடைக்காரர் நிபந்தனை. எனக்கு மிகவும் பிடித்த காசு இது.

அவர்களில் ஒருவரான லூயி மொன்ரோன் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. புதுச்சேரியில் வியாபாரம் செய்தவர். பாரிஸ் தேசிய சபையில் பிரான்சின் இந்தியக் குடியேற்றங்களின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். அந்தக் காலத்துப் புதுச்சேரிச் செப்புத் துட்டில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் ஊர்ப் பெயர். இரண்டு மொழி, இரண்டு அதிகாரம் ஒரே துட்டில் இருப்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

குடும்பத்தின் தொழில் 1792இல் நொடித்தது. அதே வருஷம் தனியார் காசுக்கு அரசு தடை போட்டது. காசு அடிக்கும் உரிமை நாட்டுக்கு உரியது என்பது அரசின் வாதம்.

அசிஞா என்றால் என்ன?

பறிமுதலான திருச்சபை நிலங்களை ஈடாகக் காட்டி 1789 டிசம்பர் முதல் வெளியிட்ட காகிதம். முதலில் கடன் பத்திரம், பிறகு பணம். அச்சடித்து அச்சடித்து மதிப்பு கரைந்துபோய், கடைசியில் 1796 பிப்ரவரி 19 அன்று பாரிஸின் வான்தோம் சதுக்கத்தில் அச்சுத் தகடுகளையும் கருவிகளையும் மக்கள் முன்னால் அழித்தார்கள். செம்புக்கு அன்று இருந்த மரியாதை இந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுத்தான் புரியும்.

தப்பி ஓடிய லூயியைக் காசில் இருந்த முகத்தை வைத்து அடையாளம் கண்டார்களாமே?

1791 ஜூனில் குடும்பத்தோடு மாறுவேடத்தில் எல்லையை நோக்கிப் போனபோது, சேன்த் மெனூல்த் ஊரின் அஞ்சல் நிலையத்துக்காரர் துருவே சந்தேகப்பட்டார். பிறகு வரேன் என்ற ஊரில் பிடித்தார்கள். காசு என்று பலர் சொல்லுவார்கள். துருவே கதையில் வழக்கமாக வருவது 50 லிவ்ர் அசிஞாவில் இருந்த படம். எதுவானாலும், ராஜாவின் முகம் எப்படி இருக்கும் என்பதை அந்த ஊர்க்காரருக்குச் சொன்னது பணம்தான்.

1793இல் அரசனைக் கொன்ற பிறகும் அவர் முகத்தோடு காசு இருக்கிறதே, போலியா?

போலி இல்லை. லூயியைக் கில்லட்டினில் கொன்றது 1793 ஜனவரி 21. ‘1793, சுதந்திரத்தின் 5ஆம் ஆண்டு’ என்று பொறித்து, ‘பிரெஞ்சுக்காரர்களின் அரசன்’ என்ற எழுத்தோடு 12 தெனியேயும் 2 சூவும் வந்திருக்கின்றன. குடியரசு அறிவித்து மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் காசு அடிக்க அச்சு வேண்டும், அச்சு வெட்ட ஆள் வேண்டும், புதுப் படத்துக்குச் சபை ஒப்புதல் வேண்டும். அதுவரை சந்தை காத்திருக்குமா? பழைய அச்சிலேயே அடித்தார்கள்.

காகிதத்தில் நடந்தது வேறு. ராஜா படம் போட்ட அசிஞாக்களைச் சிலர் கூடுதல் மதிப்பு கொடுத்து வாங்கிப் பதுக்கினார்கள், முடியாட்சி திரும்பினால் அவைதான் செல்லும் என்ற கணக்கில். 1793 ஜூலை 31 அன்று 100 லிவ்ருக்கு மேற்பட்ட ராஜா முகத் தாள்கள் செல்லாது என்று குடியரசு அறிவித்தது. செம்பை மட்டும் தொடவில்லை. தாளை ரத்து செய்தால் போவது தாள். செம்பை ரத்து செய்தால் மறுநாள் ரொட்டிக் கடையில் சில்லறை இருக்காது.

ராஜா தலைச் செம்பு எத்தனை நாள் புழங்கியது என்று நினைக்கிறீர்கள்? 1852 மே 6ஆம் தேதிச் சட்டம் பழைய செம்பையெல்லாம் திரும்பப் பெறச் சொல்லும் வரைக்கும். கிட்டத்தட்ட 60 வருஷம். இடையில் குடியரசு, பேரரசு, மறுபடி முடியாட்சி, இன்னொரு குடியரசு எல்லாம் வந்துவிட்டன.

அரசன் இல்லாத முதல் சூ எப்படி இருக்கும்?

1793 ஏப்ரலில் முடிவான வடிவம். சேகரிப்பாளர்கள் இதைத் ‘தராசு சூ’ என்பார்கள். முன்பக்கத்தில் முகமே இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பலகை, அதில் ‘மனிதர்கள் சட்டத்தின் முன் சமம்’. பலகைக்கு மேலே கதிர் வீசும் ஒரு கண். ஒரு பக்கம் திராட்சைக் குலை, மறுபக்கம் கோதுமைக் கதிர்க்கட்டு. திருப்பினால் இலை வளையத்துக்குள் தராசு, தொப்பி, ‘சுதந்திரம், சமத்துவம்’.

கண்ணைப் பார்த்ததும் ரகசியச் சங்கம் என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. அதற்கு முன்பே தேவாலயப் பீடங்களில் கடவுளின் கண்ணாக இருந்த படம் அது. புரட்சிக்காரர்கள் அதை விழிப்போடு கவனிக்கும் மக்களின் கண்ணாக மாற்றினார்கள். அண்டை வீட்டுக்காரரையே சந்தேகப்பட்ட 1793இல் அந்தக் கண்ணுக்கு இன்னொரு அர்த்தமும் படிந்திருக்கும். ரொட்டியும் ஒயினும் என்று நினைவூட்டும் கோதுமையும் திராட்சையும்கூடப் பீடத்திலிருந்து சந்தைக்கு வந்தவைதான்.

வடிவமாகப் பார்த்தால், ஒரு சின்னக் காசில் இவ்வளவு திணித்தது அழகில்லை. தேய்ந்த காசில் பலகை எழுத்துதான் முதலில் மறைகிறது.

ஒரே காசில் ‘1793’ என்றும் ‘ஆண்டு 2’ என்றும் இருப்பது ஏன்?

1793 ஜனவரி 1 முதல் குடியரசின் இரண்டாம் ஆண்டு என்று முதலில் முடிவெடுத்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி 1793 முழுக்க ஆண்டு 2. அக்டோபரில் புதுக் காலண்டர் வந்து, 1792 செப்டம்பர் 22இலிருந்து எண்ண ஆரம்பித்தபோது எல்லாம் மாறியது. பிற்காலக் காசில் ‘ஆண்டு 4’ என்று பார்த்தால் 1795 செப்டம்பர் முதல் 1796 செப்டம்பர் வரை என்று கொள்ளுங்கள்.

முற்றுகைக் காசு என்று ஒன்று உண்டா?

உண்டு. 1793இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகருக்குள் பிரெஞ்சுப் படை சிக்கிக்கொண்டபோது உள்ளேயே 1, 2, 5 சூ அடித்தார்கள். ஒரு பக்கம் ‘மைன்ஸ் முற்றுகைப் பணம்’, மறுபக்கம் கோல்கட்டும் தொப்பியும்.

சான்தீம், தெசீம் எப்போது வந்தன?

1795இல். ஆகஸ்ட் 15ஆம் தேதிச் சட்டம் பிராங்கை 5 கிராம் வெள்ளி என்று நிர்ணயித்து, அதைப் பத்து தெசீம், நூறு சான்தீம் என்று பிரித்தது. எடையோடு கணக்கையும் இணைத்தார்கள்: 5 சான்தீம் 5 கிராம், 1 தெசீம் 10 கிராம், 2 தெசீம் 20 கிராம். காசே எடைக்கல். காகிதத்தில் ரொம்ப அழகு.

சந்தை அதை ஏற்கவில்லை. 5 சான்தீம் என்பது பழைய ஒரு சூ. பழைய சூ 12 கிராம் இருந்தது, புதுசு 5 கிராம். அசிஞாவில் கையைச் சுட்டுக்கொண்ட ஜனங்கள் ‘பாதி செம்பைத் திருடிவிட்டார்கள்’ என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன? 1796 அக்டோபரில் அரசு இறங்கி வந்து எடையை இரட்டிப்பாக்கியது. இனி தெசீம் 20 கிராம், 5 சான்தீம் 10 கிராம்.

அப்படியானால் ஏற்கெனவே அடித்த 20 கிராம் ‘2 தெசீம்’ காசை என்ன செய்வது? அதன் எடை இப்போது ஒரு தெசீமுக்குச் சரி. உருக்குவானேன் என்று ‘2’ஐ அழித்து அதன்மேல் பிரெஞ்சில் ‘ஒன்று’ என்று அடித்தார்கள். பன்மையைக் காட்டும் கடைசி எழுத்தையும் அழித்தார்கள். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் புது எழுத்துக்கு அடியில் பழைய 2இன் வளைவும், சொல்லின் கடைசியில் நசுங்கிய எழுத்தின் தடமும் தெரியும். அதேபோல 1 தெசீமை 5 சான்தீமாகவும் திருத்தினார்கள். ஒரு அரசு தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டதை விரலால் தடவிப் பார்க்கலாம்.

சான்தீம், தெசீம் காசில் இருக்கும் பெண் முகம், பிரெஞ்சுக் குடியரசின் உருவகமான ‘மரியான்’ என்பவளா?

இன்று அப்படித்தான் சொல்கிறோம். தூப்ரே வெட்டியபோது அவள் ‘சுதந்திரம்’, தலையில் தொப்பியோடு. குடியரசுக்கு ஒரு ஆளின் முகம் கூடாது என்பதால் யாருமல்லாத ஒருத்தியைப் போட்டார்கள். அது நீடிக்கவில்லை. 1803இல் வெள்ளியில் நெப்போலியன் போனபார்ட்டின் முகம் வந்துவிட்டது. 1804 முதல் 1808 வரை முன்பக்கம் ‘பேரரசன் நெப்போலியன்’, பின்பக்கம் ‘பிரெஞ்சுக் குடியரசு’ என்று ஒரே காசில் இருந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். சுற்று முழுதாகிவிட்டது.

காசில் இருக்கும் தனி எழுத்து என்ன?

காசு அடித்த அக்கசாலையின் அடையாளம். ஏ என்றால் பாரிஸ், டி லியோன், கே போர்தோ, டபிள்யூ லீல், இரட்டை பி ஸ்ட்ராஸ்பூர்க். சான்தீம், தெசீம் காசில் ஜி கண்டால் ஜெனீவா. 1798இல் பிரான்சு இணைத்துக்கொண்ட ஊர்.

சூ என்ற பெயர் எப்போது ஒழிந்தது?

சட்டத்தில் 1795இல். வாயில், ஒழியவே இல்லை என்று சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டிலும் 5 சான்தீமை ஒரு சூ என்றும், 5 பிராங்கை நூறு சூ என்றும் சொன்னார்கள். கையில் காசில்லை என்பதற்கு இன்றும் பிரெஞ்சில் ‘ஒரு சூ இல்லை’ என்பார்கள்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். குத்துவிளக்கு தேய்க்கிற புளியும் சாம்பலும் இதற்கு எமன். பச்சையும் கறுப்புமாகப் படிந்த மேல்தோல் போனால் சேகரிப்பாளர் மத்தியில் விலையும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊற வைத்து, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். தெசீம் காசாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அந்த அழிந்த ‘2’ ஒரு மயிரிழை உயரம்கூட நிற்காது. ஒரு தேய்ப்பில் போய்விடும்.